துடக்கு வீட்டில் சுட்ட சிவத்த இறைச்சி

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் வளர்ந்து, இப்போது கர்க்லாண்ட், டொலார்ட் புறநகர்களில் இரண்டு கார் நிறுத்துகிற வீடுகளில் இருந்துகொண்டு முழங்கால் நோவைப் பற்றியே கதைக்கிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு எழுதிப் பயனில்லை. அவர்கள் தமிழ் வாசிப்பதில்லை, வாசித்தாலும் நம்பமாட்டார்கள்.

போன மாதம் என் மகள் சார் சியு செய்தாள். கன்ரனீஸ் சீனர்களின் சமையல் அது. பன்றி இறைச்சியை நீளநீளமாக வெட்டி, சோயாவிலும் சீனியிலும் ஊறவைத்து, தேன் பூசிச் சுடுவார்கள். செய்முறையை யாரோ வீடியோவில் காட்டினார்களாம். "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கோ" என்று தட்டை நீட்டினாள். எனக்குத் தெரியாதாம். நான் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து, சீனி வருத்தக்காரிக்கு இது ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவளும் அதை நம்பினாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொன்றியலில் எங்களுக்கு அது இரண்டாவது பனிக்காலம். மலையடியில் ஒரு செங்கல் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அந்தக் கட்டடத்தை நினைத்தால் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. ஹீற்றரில் காய்கிற ஈரச் சப்பாத்து, யாரோ வீட்டுக் கருவாட்டுப் பொரியல், படிக்கட்டைக் கழுவுகிற மருந்துத் தண்ணீர். அப்பா ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி பானை கழுவினார். எங்கள் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பெரியவர்கள் அதைக் கேஸ் என்பார்கள். தும்முவதென்றாலும் கேசுக்குப் பாதிப்பு வருமோ என்று யோசித்துவிட்டுத்தான் தும்முவார்கள். அந்த மாரியில்தான் தம்பி பிறந்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சீன அக்கா இருந்தார். அவரும் பிள்ளை பெற்றவர். அவருடைய மாமியார் தினமும் ஒரு பிளாஸ்க்கில், இஞ்சியும் பன்றிக்காலும் போட்டுக் கறுப்பு வினாகிரியில் காய்ச்சிய ஒன்றைக் கொண்டுவந்து, மருமகள் விழுங்கி முடிக்கும்வரை தலைமாட்டில் காவல் நிற்பார். எங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறிக்கு அது சொந்தக்காரச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் தலை மறைந்ததும் புருஷன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். ஓரம் கருகி, தேன் மினுங்குகிற சிவத்த இறைச்சி, ஆவி பறக்க இருக்கும். சீன அக்கா பாதியைத் தின்றுவிட்டு மீதியை அம்மாவின் கையில் வைத்தார். என்ன இறைச்சி என்று அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மீனும் ஆட்டிறைச்சியும் உண்டு, பன்றி படியேறியதில்லை. அம்மா அதை அழுதுகொண்டே தின்றார். பிள்ளை பெற்ற களைப்பு என்று நாங்கள் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்தபிறகு அம்மா சாப்பிடவில்லை.

சாப்பிடவில்லை என்றால் ஒரு நேரம் தவறிய கணக்கில்லை. அப்பா கட்டில் ஓரத்தில் இருந்து, "ஒரு வாய் சாப்பிடுமன்" என்று ஊட்டினால் அது கன்னத்துக்குள்ளேயே நிற்கும். பிறகு தலையணையில் வழியும். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பால் வற்றிவிட்டது. தம்பி வீரிட்டு அழுவான், அம்மா திரும்பமாட்டார். ஒரு நாள் மோதிரம் தானாகக் கழன்று கட்டிலுக்கடியில் உருண்டது. அம்மா செத்துப்போகப் போகிறார் என்று நான் நினைத்தேன். அந்தப் பயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், பனியில் விளையாடிவிட்டு வந்தேன்.

எங்கள் சொந்தக்காரப் பெண்கள் ஒருவரும் அந்த நகரத்தில் இல்லை. கீழ் வீட்டு மாமிதான் எல்லாம். எங்களுக்கு உறவில்லை, இரண்டாம் மாடியில் இருந்தவர். அந்தக் கட்டடத்துத் தமிழர்களின் பிள்ளைப்பேறு எல்லாம் அவர் பொறுப்பு. யாரும் பொறுப்புக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். அம்மாவின் காதைக் கம்பளித் துணியால் சுற்றிக் கட்டினார். காற்று வராமல் ஜன்னல் இடுக்கில் பழந்துணி அடைத்தார். குசினித் தட்டிலிருந்த சாமிப் படங்களுக்கு வெள்ளைத் துணி போட்டு மூடினார். பிள்ளை பிறந்த வீடு துடக்கு வீடு. முப்பத்தோராம் நாள் வீடு கழுவித் துடக்குக் கழிக்கும்வரை விளக்கு இல்லை, கும்பிடுதல் இல்லை, பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது. மல்லியும் மிளகும் உள்ளியும் வறுத்து இடித்த சரக்குத்தூளில் மாமி கறி வைத்துக் கொண்டுவருவார். அது அம்மாவின் தட்டிலேயே காயும்.

ஒரு நாள் அப்பா கையைப் பிசைந்துகொண்டு கெஞ்சினார்.

"என்னதான் வேணும், சொல்லுமன். எங்கயெண்டாலும் போய் வாங்கிக்கொண்டு வாறன்."

அம்மா சுவரைப் பார்த்தபடியே, "அந்தச் சீனப் பிள்ளை தந்த இறைச்சி" என்றார்.

மாமி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "பண்டியோ? விசர்க் கதை. அது கிரந்திச் சாப்பாடு. தாய் திண்டா பிள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி போட்டுடும்."

"பிள்ளை இப்ப போத்தல்பால்தானே மாமி குடிக்குது" என்றார் அப்பா. "வேறையொண்டும் இறங்குதில்லை. நான் என்ன செய்ய?"

மாமி சாமித் தட்டைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். எங்கள் ஆட்களின் மூளை எப்படி வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு ஏற்கனவே துடக்கு. சாமி மூடியிருக்கிறது. துடக்குக் கழிக்கிற அன்று எப்படியும் எல்லாவற்றையும் கழுவத்தான் போகிறோம். அப்படியென்றால் இந்த வீட்டுக்குள் பன்றி வரலாம், ஆனால் இப்போது மட்டும்தான் வரலாம்.

"கடையில வாங்கினது வேண்டாம். பிள்ளைப்பெத்தவளுக்கு வெளிச்சாப்பாடு ஆகாது. வீட்டில சுத்தபத்தமாச் செய்து குடுங்கோ. துடக்குக் கழியிறதுக்கு முதல் நிப்பாட்டிப்போடோணும்" என்று தீர்ப்புச் சொன்னார். சுத்தபத்தமான பன்றி. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது.

சீன அக்காவின் புருஷன் ஆஸ்பத்திரியில் தந்த தொலைபேசி இலக்கம் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு, எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. அதனால் என்னை ஒரு கதிரையில் ஏற்றி, தொலைபேசியைக் கையில் தந்துவிட்டு அப்பா பக்கத்தில் நின்றார். சீன அக்காதான் எடுத்தார். அவரும் வெளியே வர முடியாதாம். அவர்களுக்கும் ஒரு மாதம் அடைப்பு, தலைகூடக் கழுவ மாமியார் விடவில்லையாம். செய்முறையை மெதுவாகச் சொன்னார், நான் துண்டு துண்டாக அப்பாவுக்குச் சொன்னேன். தோள்பட்டை இறைச்சி. கையளவு நீளத்துக்கு வெட்டவேண்டும். சோயா, சீனி, ஐந்து வாசனைத் தூள், கொஞ்சம் சிவப்பு. ஒரு இரவு ஊறவேண்டும். அவன் அடுப்புக்குள் கொழுவித் தொங்கவிட்டு, கீழே தண்ணீர் வைத்துச் சுட்டு, தேன் பூசித் திரும்பவும் சுடவேண்டும். கடைசியில் அவர் அம்மாவைச் சுகம் கேட்டார். படுத்திருக்கிறா என்று சொன்னேன். "எனக்கும் அழுகை வருகிறது" என்றார். அது சமையல் இல்லை என்பதால் நான் அதை அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டவர்தான். ஆனால் இறைச்சியைக் கொண்டுவந்து பலகையில் வைத்ததும், கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. கறித்துண்டாக, சிறிது சிறிதாக வெட்டித் தள்ளினார். மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார். யாழ்ப்பாணத்துக் கைக்கு இறைச்சி என்றால் கறித்துண்டு, கறித்துண்டு என்றால் மஞ்சள். ஐந்து வாசனைத் தூளுக்குப் பதிலாக, உடம்புக்கு நல்லது என்று மாமி தந்த சரக்குத்தூளைப் போட்டார். கொழுவுவதற்குத் துண்டில் நீளமில்லை. தட்டில் பரப்பி, ஊறவும் விடாமல், அந்த மஞ்சள் இறைச்சியின் மேல் சீனியைத் தாராளமாகத் தூவி அவன் அடுப்புக்குள் தள்ளினார்.

சீனி பற்றிக்கொண்டது. குசினி முழுக்கக் கறுத்த புகை. கட்டடத்தின் தீ மணி எல்லா மாடியிலும் அலறியது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார், அம்மாவும் போர்வையோடு எழும்பி எங்கள் பின்னால் வந்தார். கீழே வாசல் மண்டபத்தில் எல்லா வீட்டாரும் நித்திரை உடுப்புக்கு மேல் கோட்டோடு நின்றார்கள். அப்போதுதான் அப்பா அம்மாவின் கையைப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை?"

அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபமில்லை, பதற்றமில்லை. முன்பின் தெரியாதவர் வழி கேட்டதைப் போல நின்றார்.

"எந்தப் பிள்ளை?" என்றார்.

அப்பா படிக்கட்டில் ஓடினார். அவர் தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வரும்வரை நான் அம்மாவின் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அம்மாவைப் பிடிக்கிறேனா, அம்மாவிடமிருந்து என்னைப் பிடித்துக்கொள்கிறேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

புகை போனபிறகு குசினியில் அப்பாவும் மாமியும் இருந்து கதைத்தார்கள். அம்மாவின் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. அதைச் சாத்தவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மாமி, இது எனக்குச் சரியாப் படேல்லை. டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றார் அப்பா.

"தம்பி, தாய்க்கு மண்டை சரியில்லை எண்டு எழுதினாங்கள் எண்டா பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போடுவாங்கள். இந்தப் பெட்டையையும் கொண்டு போடுவாங்கள். கேசும் அதோட சரி. பேந்து ஆரிட்டைப் போய் அழுவியள்? வயித்துக்க ஒண்டுமில்லை, அதுதான் தலைக்கு ஏறுது. திண்டா எல்லாம் சரிவரும்."

மாமி கெட்டவர் இல்லை. எங்களுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவர். அவருக்குத் தெரிந்த நோய்க்கெல்லாம் சாப்பாடுதான் மருந்து, அவருக்குத் தெரிந்த அரசாங்கமெல்லாம் ஆட்களைப் பறித்துக்கொண்டு போகிற அரசாங்கம். அப்பா அவரை நம்பினார். டொக்டரிடம் போகாமல் திரும்பவும் இறைச்சி வாங்கப் போனார்.

இந்தமுறை நான் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். "அப்பா, நீளமா. அப்பா, மஞ்சள் வேண்டாம்." கழுவாமல் வைக்க அவருக்கு அருவருப்பாக இருந்தது. மஞ்சள் போத்தலைப் பார்த்துப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். ஐந்து வாசனைத் தூளைச் சீனக் கடையில் வாங்கி வந்திருந்தார். சிவப்புக்குக் கேசரிக் கலர். ஐஸ்கிறீம் வாளி ஒன்றில் ஊறவைத்தோம். பிறகு எத்தனை தரம் கழுவியும் அந்த வாளியின் சிவப்புப் போகவில்லை. ஹோட்டல் உடுப்பு வருகிற கம்பிக் கொழுக்கிகளை வெட்டி வளைத்து அப்பா தூண்டில் செய்தார், இறைச்சியைக் குத்தி அவன் அடுப்பின் மேல்தட்டில் தொங்கவிட்டார். கீழே ஒரு சட்டி தண்ணீர். கொழுப்பு அதில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேன் பூசப் புதுப் பெயின்ற் பிரஸ். இரண்டாம் தரம் தேன் பூசிய பிறகு ஒரு வாசனை எழும்பியது. சீனி பொரிகிற வாசனை, அதற்கடியில் அந்தத் தூளின் நட்சத்திரச் சோம்பு, அதற்கும் அடியில் எங்கள் வீட்டில் ஒருநாளும் மணந்திராத அந்தக் கொழுப்பு. ஹீற்றர் மணத்தையும் மருந்து மணத்தையும் அது தள்ளிவிட்டது.

அம்மா தானாகக் குசினிக்கு வந்தார். அப்பா ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைக்கமுதலே கையால் எடுத்து வாயில் போட்டார்.

"சுடுது, மெல்லச் சாப்பிடும்" என்றார் அப்பா.

அம்மா நிறுத்தவில்லை. நின்றபடியே, விரல் சுடச் சுட, ஒரு துண்டு முடிய அடுத்தது. விழுங்கினார், உண்மையாகவே தொண்டைக்குக் கீழே போனது. ருசித்ததுமாதிரித் தெரியவில்லை, ஒரு வேலையைச் செய்வதுமாதிரித் தின்றார். அப்பா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது.

"கடவுள் கண் திறந்திட்டார்" என்றார் மறுநாள் மாமி.

"சாமிக்குத்தான் துணி போட்டுக் கிடக்கே மாமி" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஆட்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவன் அடுப்பில் இறைச்சி தொங்கியது. அப்பாவின் கையில் சூட்டுக்காயம், என் தலைமயிரில் தேன் புகை. வகுப்பில் பக்கத்துப் பெடியன் என்னை மணந்து பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறது என்றான். அம்மாவின் கன்னத்தில் நிறம் வந்தது. நடக்கவும் தொடங்கினார். அறையிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து அறைக்கு, சுவரைப் பிடித்து முதலில், பிறகு பிடிக்காமல், மூச்சு வாங்கும்வரை. "பாருங்கோ, நடந்து பழகிறா" என்று மாமி வருகிற எல்லாருக்கும் காட்டினார். தம்பியைக் கையில் கொடுத்தால் மட்டும் அம்மா அவனை உடம்போடு சேர்க்காமல் தள்ளிப் பிடித்து, "நீங்களே வச்சிருங்கோ" என்று உடனே திருப்பித் தருவார். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாருக்கும் தட்டு வெறுமையானால் போதும். எனக்கும் அப்படித்தான்.

துடக்குக் கழிவு வந்தது. மாமி விடியவே மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அப்பா அவன் அடுப்பைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். கொழுக்கிகளும் சட்டியும் பிரஸும் வாளியும் ஒரு கறுத்தப் பைக்குள் கட்டப்பட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போயின. சாமிப் படத்துத் துணி எடுத்து விளக்குக் கொளுத்தினார்கள். தம்பிக்குத் தலை மழித்தார்கள். அம்மா தலைக்குக் குளித்து, நீலப் பட்டுச் சேலை கட்டி வந்து நின்றார். கட்டடத்துத் தமிழர் எல்லாரும் வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தார்கள். "பிள்ளை தேறிட்டா" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அப்பா வடைத் தட்டோடு சிரித்துக்கொண்டு திரிந்தார். அப்படி அவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பாயாசம் கொடுக்கிற நேரம் அம்மாவைத் தேடினார்கள். அறையில் இல்லை, குளியலறையில் இல்லை. தம்பி மாமியின் மடியில் நித்திரை. வாசலில் அம்மாவின் பனிச் சப்பாத்து இல்லை, கோட்டு அப்படியே கொழுவிக் கிடந்தது. அப்பாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது. அவர் சட்டையோடு வெளியே ஓடினார். மெற்றோ ரயில் பக்கமாகத்தான் ஓடினார். ஏன் நேரே தண்டவாளத்தைத் தேடி ஓடினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, எங்கள் எல்லாரையும்விட அவர் கூடக் கண்டிருக்கிறார், கண்டதை யாருக்கும் சொல்லாமல் இறைச்சி சுட்டிருக்கிறார். மாமி வாய்க்குள் தேவாரம் சொல்லத் தொடங்கி, நடுவில் மறந்துபோய், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

தொலைபேசி அடித்தபோது, பிரெஞ்சுக்காரி நான்தானே என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து. அம்மா அங்கே இருக்கிறாவாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சாகவில்லை. அந்த மாரி முடியும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்தார்கள். கோடையில் வந்தது எங்கள் பழைய அம்மா. யாரும் எங்களைப் பறித்துக்கொண்டு போகவில்லை. கேசுக்கும் ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த வருடம் சரிவந்தது. தம்பிக்கு இப்போது தலை வழுக்கை. பிள்ளை பெற்றபின் வருகிற அந்த மனநோய்க்கு ஒரு பெயர் இருப்பது, என் மகள் பிள்ளை பெற்றபோது தாதி வந்து விசாரித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அன்று பின்னேரம் எங்களுக்கு இதெதுவும் தெரியாது. அப்பாவை வழியில் கண்டுபிடித்து, நானும் அவரும் மலைமேல் ஆஸ்பத்திரிவரை ஏற்றம் முழுக்க ஓடினோம். ஒரு சின்ன அறைக்குள் அம்மா கட்டிலில் இருந்தார். பட்டுச் சேலை முழங்கால்வரை நனைந்து, வீதி உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தாதி ஒருவர் அப்பாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா, பிள்ளை?"

"அம்மா தானாத்தான் வந்தவவாம். இங்கிலீசில சொன்னவவாம், தன்னை வீட்டை அனுப்பவேண்டாமாம். தனக்குக் கிட்ட இருந்தா தம்பிக்குப் பத்திரமில்லையாம்."

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல் சொல்லி முடித்தேன். முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு விளங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். அந்த நனைந்த சேலைக்கரையைப் பிழிந்தார், திரும்பவும் பிழிந்தார்.

"நீர் நல்லாச் சாப்பிட்டனீர்தானே" என்றார். "வடிவா நடந்து திரிஞ்சனீர். எல்லாம் சரிவந்திட்டுது எண்டெல்லோ நான் நினைச்சனான்."

அம்மா அவர் தலையில் கையை வைத்தார். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபிறகு அம்மா யாரையாவது தானாகத் தொட்டது அதுதான் முதல் தரம்.

"நீங்கள் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வரமாட்டியள் எண்டு மாமியோட கதைச்சதை அறைக்குள்ள கேட்டுக்கொண்டுதானே கிடந்தனான்" என்றார். "இது பெரிய ஏற்றமப்பா. வெறும் வயித்தோட என்னெண்டு தனிய ஏறுறது? அதுக்குத்தான் திண்டனான்."